உழைப்பைச் சொல்லும் நாவல்கள்: எங்கள் வாசிப்புச் சவால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன சவால்?

மாதம் ஒரு தமிழ் நாவல் படிக்க வேண்டும். அந்த நாவலின் நடுவில் ஏதாவது ஒரு தொழில் இருக்க வேண்டும். மீன்பிடி, உப்பு, பனையேற்றம், ஆடு மேய்ப்பு, துணி வெளுப்பு, தோல் பதனிடுதல், சினிமா என்று எதுவாகவும் இருக்கலாம். படித்து முடித்ததும் மற்றவர்களிடம் கருத்துச் சொல்ல வேண்டும், அதுதான் சவாலில் முக்கியமான பாதி. நட்சத்திரம் கொடுப்பது, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது எல்லாம் எங்களிடம் கிடையாது. அதற்குப் பதில் இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறோம். இந்த நாவலில் மனிதர்களின் கை என்ன வேலை செய்கிறது? அந்த வேலைக்குக் கூலி யாரிடமிருந்து, எந்த வடிவில் வருகிறது? இந்த இரண்டுக்கும் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டால், அப்புறம் காதல், நடை, முடிவு என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

தொழிலை ஏன் பிடித்துக்கொண்டீர்கள்? விருது வாங்கிய நாவல்கள், பெண் எழுத்தாளர்கள் என்றெல்லாம் வைத்திருக்கலாமே?

வைத்திருக்கலாம், தப்பில்லை. ஆனால் நாவலைப் பற்றி நாம் சொல்கிற கருத்துகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "மனதை உலுக்கிவிட்டது", "கீழே வைக்கவே முடியவில்லை", "யதார்த்தம்". இந்த மூன்றையும் எந்த நாவலின் மேல் வேண்டுமானாலும் ஒட்டலாம், படிக்காமலேயே ஒட்டலாம். தொழிலைப் பற்றிப் பேசு என்று சொன்னால் அப்படிச் செய்ய முடியாது, பக்கத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். 'கோவேறு கழுதைகள்' நாவலில் துணி வெளுக்கிற ஆரோக்கியம் அந்தி நேரத்தில் எதற்காக வீடு வீடாகப் போகிறாள், அவள் கூடையில் என்ன விழுகிறது என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த இடத்தை மறுபடி படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது முதல் வாசிப்பில் கண்ணில் படாதது பலதும் தெரிய வரும். நாவலின் சாதி, பணம், ஆண் பெண் உறவு எல்லாமே வேலை நடக்கிற இடத்தில்தான் வெளிப்படையாக நிற்கின்றன என்பது என் கருத்து. இந்த ஆண்டு படித்தவை அதை இன்னும் உறுதியாக்கின.

இதுவரை என்னென்ன படித்தீர்கள்?

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', சா. கந்தசாமியின் 'சாயாவனம்', ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', சோ. தர்மனின் 'சூல்', டி. செல்வராஜின் 'தோல்'. மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. பூமணியின் 'வெக்கை'யைச் சிலர் சேர்த்துக்கொண்டார்கள், சிலர் அது இந்தத் தலைப்புக்குள் வராது என்றார்கள். அந்தச் சண்டையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நாவல் படித்தே பல வருஷமாகிறது. எதில் தொடங்கலாம்?

'கடல்புரத்தில்'. 1977இல் வந்த சின்ன நாவல், இரண்டு மூன்று உட்காரலில் முடித்துவிடலாம். மணப்பாட்டுக் கடற்கரையில் குரூஸ் மிக்கேல் என்ற வல்லத்துக்காரர் (வல்லம் என்றால் நாட்டுப் படகு), அவர் மகள் பிலோமி. ஆசிரியர் வேலை பார்க்கும் மகன் செபஸ்தி, வல்லத்தை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்கிறான். அப்பாவுக்கு மனசு வரவில்லை. கதை அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் ஊருக்குள் லாஞ்சு என்கிற விசைப்படகு வந்துவிட்டது, வல்லத்துக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் பகை முற்றுகிறது. பிலோமியின் காதல்கூட அந்தப் பிளவுக்குள்தான் நடக்கிறது.

எங்களில் சிலருக்கு இந்த நாவல் ரொம்பவும் மென்மையாக இருப்பதாகப் பட்டது. எல்லோரும் எல்லோரிடமும் பிரியமாக இருக்கிறார்கள், கடல்புரத்து வாழ்க்கை இப்படியா இருக்கும் என்று கேட்டார்கள். எனக்கு அது சரியான குறையாகத் தெரியவில்லை. அந்தப் பிரியத்தை வைத்துத்தான் வல்லம் என்பது சொத்து மட்டுமல்ல என்று வண்ணநிலவன் காட்டுகிறார். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று வரம்பு வைத்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல்தான் வந்தது. நாவல் அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே எழுதப்பட்டுவிட்டது. சட்டம் பிறகு கையில் எடுத்த பிரச்சினையை இவர் ஒரு வீட்டுக்குள் வைத்து எழுதியிருக்கிறார்.

அடுத்ததாக 'புத்தம் வீடு' எடுங்கள். 1964இல் வந்தது, அதுவும் சின்னதுதான்.

'புத்தம் வீடு' காதல் கதைதானே? அதில் தொழில் எங்கே இருக்கிறது?

லிஸி, தங்கராஜ் இருவரின் காதல்தான் கதை. ஆனால் அந்தக் காதலுக்கு முன்னால் நிற்கிற சுவர் எது? லிஸி, நொடித்துப் போனாலும் பேர் மட்டும் பெரிதாக இருக்கிற புத்தம் வீட்டுப் பெண். தங்கராஜ் பனையேறி அன்பையனின் மகன். ஒரே ஊர், ஒரே மதம், ஒரே சர்ச். பனையின் மேல் ஏறுகிறவன், பனைக்குச் சொந்தக்காரன் என்ற ஒரு வித்தியாசம் இத்தனையையும் மீறி நிற்கிறது.

பனையேற்றம் எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்தவர்களுக்கு இந்த நாவல் இன்னும் அதிகமாகப் பேசும். சீசனில் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும், பாளையைச் சீவிக் கலயம் கட்ட வேண்டும், பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும், இறக்கியதை உடனே காய்ச்ச வேண்டும். ஹெப்சிபா இதையெல்லாம் விலாவாரியாக எழுதவில்லை. அவர் லிஸியோடு வீட்டுக்குள் நிற்கிறார். வயசுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாது, வாசலில் நிற்கக் கூடாது என்று லிஸி அடைபட்டுக் கிடக்கிறாள். அவளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் பனங்காடு நமக்கும் தெரிகிறது. நல்ல நாவலாசிரியர் தன் பாத்திரம் பார்க்காததைத் தானாகப் போய்ப் பார்த்து வந்து எழுதமாட்டார் என்பதற்கு இது ரொம்ப நல்ல எடுத்துக்காட்டு.

இந்த ஆண்டு படித்ததில் உங்களுக்கு மிகவும் பிடித்தது?

யோசிக்காமல் சொல்வேன், 'சாயாவனம்'. அறுபதுகளின் இறுதியில் வந்தது. வெளியே போய்ச் சம்பாதித்துவிட்டுத் திரும்பி வந்த சிதம்பரம், காவிரிப் படுகை ஊர் ஒன்றில் அடர்ந்த வனம் போல வளர்ந்து கிடக்கிற தோட்டத்தை வாங்குகிறான். அதை அழித்துக் கரும்பாலை வைக்க வேண்டும். நாவலின் பெரும்பகுதியில் நடப்பது அந்த அழிப்புதான், வேறு ஒன்றுமில்லை.

இதைக் கேட்டால் சலிப்பாக இருக்கும். படித்துப் பாருங்கள். உள்ளே போக வழியே இல்லாத இடத்தில் முதலில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கொடிகளை அறுக்கிறான். வெட்டியது விழ இடமில்லாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து நிற்கிறது. அதை இழுத்தால் இன்னும் நாலு கொடி கூடவே வருகிறது. கத்தி மழுங்குகிறது, உடம்பெல்லாம் முள் கீறுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினால் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போடுகிறான், கணக்குத் தப்பினால் மறுநாள் வேறு மாதிரி யோசிக்கிறான். மூங்கில் புதர் கத்திக்கு மசியவில்லை என்றதும் நெருப்பு வருகிறது. அந்தத் தீ பரவுகிற பக்கங்களை நான் மூச்சுவிடாமல் படித்தேன். பறவைகளும் விலங்குகளும் படுகிற பாட்டை கந்தசாமி எந்த இடத்திலும் அழுது எழுதவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டே போகிறார். அதனால்தான் நமக்கு வலிக்கிறது.

இதில் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுவது, சிதம்பரத்தை வில்லனாக்க அவர் மறுப்பதுதான். அவன் உழைப்பாளி, புத்திசாலி, ஊர்க்காரர்களை அணைத்துப் போகத் தெரிந்தவன். வேலையை ரசித்துச் செய்கிறான், நாமும் அவனோடு சேர்ந்து அந்த வேலை முடிய வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம். வனம் அழிய வேண்டும் என்று வாசகனையே விரும்ப வைத்துவிட்டு, அழிந்த பிறகு என்ன போயிற்று என்று காட்டுகிறார். அதையும் பெரிய பிரசங்கமாக இல்லாமல், சமையலுக்குப் போடுகிற புளியைப் பற்றிய பேச்சாகக் காட்டுகிறார். சுற்றுச்சூழல் நாவல் என்று இதற்கு முத்திரை குத்துகிறார்கள், குத்தட்டும். என்னைக் கேட்டால் இது வேலையின் போதையைப் பற்றிய நாவல்.

'கரிப்பு மணிகள்' நாவல் மாதிரி இல்லை, கள ஆய்வு அறிக்கை மாதிரி இருக்கிறது என்கிறார்களே?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். ராஜம் கிருஷ்ணன் ஒரு ஊருக்குப் போய், மக்களோடு பழகி, தகவல் திரட்டிக்கொண்டு வந்து எழுதுகிறவர். நீலகிரி படகர்களைப் பற்றிக் 'குறிஞ்சித் தேன்', சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிக் 'கூட்டுக் குஞ்சுகள்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் 'கரிப்பு மணிகள்' என்று வரிசையாக எழுதினார். அப்படி எழுதுவதாலேயே அவருடையது இலக்கியம் இல்லை, ஆவணம் என்று ஒதுக்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

குறை இருக்கிறதா? இருக்கிறது. நியாயம் பேசுகிற பாத்திரங்கள் சில இடங்களில் மேடையில் நிற்கிற மாதிரி பேசுகிறார்கள். ராமசாமி வந்தாலே அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் பொன்னாச்சியும் தம்பி பச்சையும் உப்பளத்தில் வேலைக்குச் சேர்கிற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் என்று ஒன்று இல்லாத வெளி. உப்பின் வெள்ளையில் வெயில் பட்டுத் திரும்பி அடித்துக் கண்ணைக் கூசுகிறது. நாள் முழுக்க உப்புநீரில் நின்று கால் புண்ணாகிறது, அந்தப் புண்ணிலேயே மறுநாளும் உப்புநீர். கண்ணுக்கு முன்னால் தண்ணீர் பரந்து கிடக்க, குடிக்கத் தண்ணீர் இல்லை. பெண்ணாக இருந்தால் மேற்பார்வை பார்க்கிறவனின் கைக்கும் பயப்பட வேண்டும். இதைப் படித்துவிட்டு அறிக்கை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறது. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். நம் சாப்பாட்டில் தினமும் விழுகிற பொருளைப் பற்றித் தமிழில் எத்தனை நாவல் இருக்கிறது? போய்ப் பார்த்து எழுதிய ஒருவரை, போய்ப் பார்த்தார் என்பதற்காகவே குறைத்துப் பேசுவது நியாயமில்லை.

'கோவேறு கழுதைகள்' பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. அவ்வளவு துயரம். நிறுத்திவிடலாமா?

நிறுத்தலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த இரண்டு கேள்விகளோடு படித்துப் பாருங்கள். ஆரோக்கியம், அவள் கணவன் சவுரி, பிள்ளைகள். தலித் மக்களுக்குத் துணி வெளுக்கிற குடும்பம், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள். ஆரோக்கியத்தின் கை அழுக்குத் துணி எடுக்கிறது, வெளுக்கிறது, பிரசவம் பார்க்கிறது, சாவு வீட்டில் வேலை செய்கிறது, களத்தில் தானியம் தூற்றுகிறது. கூலி என்று எண்ணிக் கொடுக்கிற காசு எங்கே? இராத்திரி வீடு வீடாகப் போய் வாங்குகிற சோறு, அறுவடையில் கிடைக்கிற தானியம், அதையும் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். செய்த வேலைக்கு வர வேண்டியது பிச்சையின் உருவத்தில் வருகிறது. இந்த நாவலின் மையம் அதுதான். சாமி சாமி என்று அவள் கூப்பிடுவதும், எல்லா வீட்டு விஷயத்திலும் உரிமையோடு மூக்கை நுழைப்பதும் ஒரே பெண்ணிடமிருந்து வருகிறது. அவள் வாயைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு உயிர்.

1994இல் இது வந்தபோது தலித்துகளுக்குள் இருக்கிற ஏற்றத்தாழ்வை வெளியில் காட்டலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. காட்டியதுதான் சரி என்பது என் எண்ணம். ஆரோக்கியத்தின் பக்கத்தில் நின்று எழுதியவரிடம் போய், ஊர் மானத்தைக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்பது சரியில்லை.

வட்டார வழக்கு புரியவில்லை. என்ன செய்வது?

முதல் முப்பது பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். 'கூளமாதாரி'யின் கொங்குப் பேச்சு கண்ணுக்குப் புரியாமல் காதுக்குப் புரிந்துவிடும். எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் கதை ஓடாது. ஆடு, மாடு, காடு, மரம் சம்பந்தப்பட்ட சொல் என்று தெரிந்தாலே முக்கால்வாசி போதும். ரொம்பவே முட்டினால் அந்த ஊர்க்காரர் யாரையாவது கேளுங்கள், எங்கள் குழுவில் நாமக்கல் பக்கத்துத் தோழி ஒருவர் ஆடுகளை அடைக்கிற பட்டியையும் படலையும் படம் போட்டே விளக்கினார்.

இந்த நாவலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூளையன் ஆடு மேய்க்கிற பண்ணையாள் பையன். வருஷக் கூலி அவன் அப்பாவிடம் போய்விடுகிறது, அவன் கையில் ஒரு பைசா நிற்காது. இருந்தும் பாதி நாவல் சந்தோஷமாக இருக்கிறது. காட்டில் மற்ற பிள்ளைகளோடு ஆட்டம், கிணற்றில் நீச்சல், தின்னக் கிடைத்ததைப் பங்குபோடுவது. அந்தச் சந்தோஷத்தைக் காட்டிவிட்டு, ஒரு திருட்டுக்காக அவனைக் கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கவிடுகிற இடத்துக்கு வரும்போது நமக்குக் குலை நடுங்குகிறது. குழந்தைத் தொழிலாளி என்றால் எப்போதும் அழுதுகொண்டே இருப்பான் என்ற நம் நினைப்பை இந்த நாவல் உடைத்துவிட்டது.

'கரைந்த நிழல்கள்' படித்தேன். கதாநாயகன் யார் என்றே தெரியவில்லை.

கதாநாயகன் என்று யாரும் இல்லை. 1969இல் வந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டு வேலை பார்த்தவர் அசோகமித்திரன், அதனால் திரையில் தெரிகிறவர்களை விட்டுவிட்டுப் பின்னால் ஓடுகிறவர்களை எடுத்துக்கொண்டார். ஒரு அத்தியாயத்தில் நாம் நெருங்கிப் பழகுகிற ஆள் அடுத்ததில் காணாமல் போய்விடுகிறான், பிறகு யாரோ பேச்சோடு பேச்சாக அவன் கதியைச் சொல்கிறார்கள். புரொடக்ஷன் மேனேஜர் நடராஜன் அப்படித்தான் போகிறான். படிக்கும்போது எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் அந்தத் தொழிலில் மனிதர்கள் அப்படித்தான் காணாமல் போகிறார்கள், நாவலும் அதே மாதிரி கட்டப்பட்டிருக்கிறது.

தயாரிப்பாளர் ரெட்டியார், படப்பிடிப்புக்கு வராத நடிகை ஜெயசந்திரிகாவின் வீட்டுக்கே போகிற பகுதியைத் தனியாக எடுத்து இன்னொரு முறை படியுங்கள். ஒருவருக்கு முதல் போட்ட பணம் போகிறது, இன்னொருவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யவே முடியாது. இந்தப் பட்டியலிலேயே முதலாளியையும் ஒரு தொழிலாளியைப் போல மூச்சு வாங்க வைத்த நாவல் இதுதான்.

'சூல்', 'தோல்' இரண்டும் சாகித்ய அகாடமி விருது வாங்கியவை. பெரிதாக இருக்கிறதே, படித்துத்தான் ஆக வேண்டுமா?

'சூல்' கட்டாயம் படியுங்கள், குறிப்பாக முதல் பாதி. உருளைக்குடிக் கண்மாயை ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்கிற விதம், கோடையில் கரம்பை மண் எடுப்பது, தண்ணீர் திறந்துவிடுகிற நீர்ப்பாய்ச்சியின் கவனம், மீன், மரம், பறவை என்று கண்மாயைச் சுற்றி ஒரு முழு உலகம் இருக்கிறது. மராமத்து என்பது அரசாங்க வேலை அல்ல, ஊர்வேலையாக இருந்தது என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். சுதந்திரத்துக்குப் பிறகான பகுதியில் அரசியல்வாதிகளைத் திட்டுவது கூடிவிடுகிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் முதல் பாதியில் ஒரு மடையைக் காட்டியே சொல்ல முடிந்ததைப் பின்பாதியில் வசனமாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஊர் ஒழுங்கில் சாதி எங்கே இருந்தது என்பதையும் நாவல் இன்னும் கறாராகக் கேட்டிருக்கலாம்.

'தோல்' திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் கொத்தடிமை போலக் கிடந்தவர்கள் சங்கம் கட்டுகிற கதை. ஓசேப்பு என்ற தொழிலாளி முதலாளி பக்கத்து ஆளைத் திருப்பி அடிப்பதில் பொறி பற்றுகிறது. ஆட்கள் ஏராளம், பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். வழக்கறிஞராக இருந்த செல்வராஜுக்கு அந்த ஊர்ச் சங்க வரலாறு உள்ளங்கை நெல்லிக்கனி. வரலாறு முன்னால் போக, ஆட்கள் பின்னால் வருகிறார்கள் என்பது என் குறை. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கிறவர்களின் உடம்பைப் பற்றிய பகுதிகளுக்காக அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பு நாவல் சவாலில் சேருமா?

நம் மக்களின் உழைப்பைச் சொன்னால் சேரும். தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கறுப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கொடுக்கிற முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். அந்த முன்பணம் எப்படிக் கழியாமலே வளர்கிறது என்பதை மட்டும் கவனித்துப் படித்தால் போதும். கூலி எப்படி வருகிறது என்ற எங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிடக் கொடூரமான பதில் வேறெந்த நாவலிலும் கிடைக்கவில்லை.

'அசுரன்' பார்த்துவிட்டேன், 'பரதேசி'யும் பார்த்துவிட்டேன். புத்தகமும் படிக்க வேண்டுமா?

ஆமாம். 'அசுரன்' 'வெக்கை'யிலிருந்தும் 'பரதேசி' 'எரியும் பனிக்காடு' நாவலிலிருந்தும் வந்த படங்கள். 'வெக்கை'யில் (1982) கொலை செய்துவிட்டு ஓடுகிற சிதம்பரத்துக்குப் பதினைந்து வயசு. அப்பாவும் அவனும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் மொத்த நாவலும். படத்தில் இருக்கிற பெரிய சண்டைகள் புத்தகத்தில் கிடையாது. அதற்குப் பதிலாக ஒளிந்திருக்கும்போது என்ன சமைத்தார்கள், எங்கே தண்ணீர் எடுத்தார்கள், எந்தப் புதரில் படுத்தார்கள் என்பது இருக்கிறது. இதை ஏன் தொழில் நாவல் என்று சேர்த்தீர்கள் என்பதுதான் மேலே சொன்ன சண்டை. கரிசல் காட்டில் உழைத்துப் பழகிய கையும் கண்ணும்தான் அந்த அப்பனையும் பிள்ளையையும் உயிரோடு வைக்கிறது, நிலம் தெரியாதவன் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான். அதனால் நான் சேர்த்துக்கொள்ளும் கட்சி.

முடிவைச் சொல்லிவிடலாமா?

'சாயாவனம்', 'கரைந்த நிழல்கள்' போன்றவற்றில் சொன்னால் ஒன்றும் குறையாது. 'கூளமாதாரி'யின் முடிவைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஒரு நாவல் பிடிக்கவே இல்லை. எழுத்தாளரைப் புண்படுத்தாமல் எப்படிச் சொல்வது?

எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று காட்டுங்கள், போதும். "சங்கக் கூட்டம் வருகிற அத்தியாயத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்" என்று சொன்னால் அது விமர்சனம், அதற்கு மறுப்பும் சொல்லலாம். "மொக்கை" என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எழுத்தாளரின் சாதி, கட்சி, அவர் மேடையில் பேசியது இவற்றை வைத்து நாவலைத் தீர்ப்பிடுகிற பேச்சை எங்கள் குழுவில் அனுமதிப்பதில்லை. மற்றபடி எவ்வளவு கடுமையாகவும் சொல்லலாம். பாராட்டுக்கும் இதே விதிதான்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? எல்லாம் வாங்க வசதியில்லை.

வாங்க வேண்டியதே இல்லை. உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள், இந்தப் பட்டியலில் பாதியாவது அங்கே இருக்கும். சென்னையில் கன்னிமாரா, மதுரையில் இருந்தால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, மதுரைத் திட்டம் போன்ற இலவச மின்னூலகங்களில் தேடிப் பாருங்கள். விற்பனையில் இருக்கிற நாவல்களின் திருட்டு பிடிஎஃப் கேட்டுச் செய்தி அனுப்பாதீர்கள், இந்த எழுத்தாளர்களில் பலர் இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள். உழைப்பைப் பற்றிய நாவலை உழைத்தவருக்குக் காசு போகாமல் படிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒலிநூலாகக் கேட்டால் கணக்கில் வருமா?

வரும். பேச்சு வழக்கு நிறைந்த நாவல்களைக் கேட்பது இன்னும் நல்லது.

அடுத்த ஆண்டு என்ன தலைப்பு?

கடல் கடந்து போன தோட்டத் தொழிலாளர்கள். இலங்கை மலையகத்துக்குக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', மலேசிய ரப்பர் தோட்டத்துக்கு அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' இரண்டையும் முடிவு செய்துவிட்டோம். அகிலன் ஊரிலிருந்து போய்ப் பார்த்து எழுதியவர், அதனால் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆசை. அங்கே இருக்கிற வாசகர்கள், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால், எந்த நாவலில் பால்மரம் சீவுகிற வேலை சரியாக வந்திருக்கிறது என்று எழுதுங்கள். டிசம்பருக்குள் பட்டியலை முடித்துவிட்டால் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியில் தேடி வாங்க வசதியாக இருக்கும்.